ஊருக்குப் போறதுக்கு முந்தி

அந்த டீச்சரின் காரியாலயச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். ஏதோ ஒரு சீமெந்துக் கடையில் கொடுத்தது. அதை அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அவருக்கு நாள்கணக்கு ஒன்றே ஒன்றுதான்: "ஊருக்குப் போறதுக்கு முந்தி." கக்கூசுக்குக் கதவு போடுவது ஊருக்குப் போறதுக்கு முந்தி. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு பாடமாக்குவது ஊருக்குப் போறதுக்கு முந்தி. அலுமாரியின் முறிந்த காலுக்கு முட்டுக் கொடுப்பதும் அப்படியே. அடுத்த மாதம், அடுத்த வருடம் என்ற பேச்சே அவர் வாயில் வராது. இருபது வருடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தை, நாளைக் காலையில் மூட்டை கட்டப்போகிறவர் மாதிரி நடத்தினார். நன்றாகவும் நடத்தினார், அதுதான் வேடிக்கை.

ஊர் என்றால் மன்னார்ப் பக்கம் கடலோரத்தில் ஒரு கிராமம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு போட்டில் ஏறி வந்தவர்களில் அவரும் ஒருவர். அப்போது இளம் ஆசிரியை, இடுப்பில் ஒரு பெண்குழந்தை, பக்கத்தில் நோயாளி உம்மா. வந்து இறங்கியது எங்கள் கற்பிட்டிக் கரையில். பிறகு களப்போரமாகக் கரைத்தீவுப் பக்கம் குடியமர்ந்தார்கள். அங்கே தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் தன் ஊர்ப் பிள்ளைகளை இருத்திப் படிப்பிக்கத் தொடங்கினார். கொட்டில் பள்ளிக்கூடமாயிற்று. தலைமை ஆசிரியராக, அதாவது அதிபராக, ஒருவரும் வந்து சேராததால், நியமனம் ஆகும்வரை பார்க்கிற பதில் அதிபர் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

நான் கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக்காரி. அப்பா கடல் தொழில். வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். நானும் அந்தக் காலத்தில் நியமனம் இல்லாமலே ஒரு கரையோரப் பள்ளிக்கூடத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்த கையோடு, எங்களைப் போல அதிபர் கதிரையில் இருக்கிறவர்களுக்கும் இனி இருக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் புத்தளத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். சனிக்கிழமை தோறும் ஒரு மண்டபம், ஒரு மின்விசிறி, மீன் அடைத்த மாலுபாணும் தேத்தண்ணியும். படிப்பித்தவர் ஓய்வுபெற்ற ஒரு கல்விப் பணிப்பாளர். சேர் நல்ல மனிதர், ஆனால் வெள்ளைத் தாளைக் கண்டால் அதில் பெட்டி கீறாமல் விடமாட்டார்.

முதல் நாள் ஒவ்வொருவரும் எழும்பித் தன்னை அறிமுகப்படுத்தவேண்டும். அந்த டீச்சரின் முறை வந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"நான் பதில் அதிபர் சேர். கல்விக் கந்தோருக்கும் பதில் சொல்லோணும், வாப்பாமாருக்கும் பதில் சொல்லோணும், புள்ளையளுக்கும் பதில் சொல்லோணும். நிரந்தரமாக்கினாப் பொறகு ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தேவல்ல எண்டு கேள்வி."

மண்டபம் சிரித்தது. பணிப்பாளராகுமுன் வெகுகாலம் நிரந்தர அதிபராக இருந்த சேர் மட்டும் சிரிக்கவில்லை. இந்த மனுசியோடு சேரவேண்டும் என்று நான் அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

பயிற்சியில் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள்; எனக்கு அவரே சோடி. மாதத்தில் ஒரு நாள் ஒருவருடைய பள்ளிக்கூடத்துக்கு மற்றவர் போகவேண்டும். நாள் முழுக்க வாய் திறக்காமல் பின்னால் திரிந்து பார்க்கவேண்டும். பின்னேரம் கண்டதை நோகாமல் சொல்லவேண்டும். எனக்கு வாய் திறக்காமல் இருப்பதும் கஷ்டம், நோகாமல் சொல்வதும் கஷ்டம். அவருக்கு இரண்டும் இயல்பாக வந்தது. என் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாள் பின்னேரம், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "காலையில ஒங்கட கேற்றடியில நிண்டு பாத்தன் டீச்சர். உள்ள வாற புள்ளையள் ஒங்கட முகத்தப் பாக்குது. நீங்க மணிக்கூட்டப் பாக்கிறீங்க." அவ்வளவுதான். வேறு எதையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும்வரை கேற்றடிக்குப் போகும்போது மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

அவருடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பிள்ளைகள் கூடியபோது கொட்டில் போதவில்லை, வேறு இடமும் இருக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளிக்கூடம் பகல் விட்ட பிறகு அதே கட்டிடத்தில் பின்னேரம் இவர்களுக்கு வகுப்பு. எங்கட பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை அகதிப் பிள்ளைகள் அழுக்காக்குதுகள் என்று உள்ளூரில் முணுமுணுப்பு எழுந்ததாம். அவர் எவரோடும் கதைக்கப் போகவில்லை. அன்றிலிருந்து மணி அடித்ததும் பிள்ளைகளை வைத்து அறை அறையாகக் கூட்டித் துடைத்து, கரும்பலகையைக் கழுவி, காலையில் வருகிற பிள்ளைகளுக்காக வெண்கட்டியைத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் போவாராம். கொஞ்ச நாளில் உள்ளூர் அதிபர் தன் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, பின்னேரப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகுங்கள் என்று ஏசினாராம். இரவல் இடத்தை வாங்கினதைவிடச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும், ஊருக்குப் போறதுக்கு முந்தி ஒருவருக்கும் நம்மில் மனக்குறை இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

நான் போன காலத்தில் அவர்களுக்கென்று தனி வளவு இருந்தது. கிடுகுக் கூரை, அரைச்சுவர், வளவைச் சுற்றி வேலி. வேலிக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னந்தோட்டம். வேலிக்கு உள்ளே ஒரு தென்னங்கன்று கிடையாது. பப்பாசி நின்றது, முருங்கை நின்றது, அதற்குக் கீழே கீரைப்பாத்தி. என்ன டீச்சர், புத்தளத்தில் இருந்துகொண்டு தென்னை இல்லாமல் ஒரு வளவா என்று நான் கேட்டேன். தென்னை காய்க்கிறதற்குள் நாங்கள் போய்விடுவோம், யாருக்கு வைக்கிறது என்றார். பப்பாசி அப்படியில்லை, வருடம் திரும்புகிறதற்குள் பழம் தரும், விட்டுவிட்டுப் போனாலும் மனசு கிடந்து அடிக்காது. இதைச் சொன்னபோது அவர் நட்ட பப்பாசிகளில் எத்தனையோ தலைமுறை காய்த்து, கிழடாகி, விழுந்து, மறுபடி முளைத்திருந்தன. அதைச் சொல்லிப் பகிடி பண்ண எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

காலைக் கூட்டம் முடிந்ததும் அவர் ஏதாவது ஒரு பிள்ளையை எழுப்பி, "ஒன்ட ஊர் எது புள்ள?" என்று கேட்பார். தினமும் ஒரு பிள்ளை. நான் போன நாளில் பஸ்மினா என்று நான்காம் வகுப்புப் பிள்ளை எழும்பினாள். இரண்டு பின்னலும் இரண்டு திசையில் நிற்கும். ஊரின் பெயரைச் சொல்லி, பள்ளிவாசலுக்குப் பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு, கிணற்றடியிலிருந்து கடல்வரைக்கும் பனை, கடலில் இறங்கினால் முழங்காலளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம் என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். அந்தப் பிள்ளை பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். அந்தக் கிணற்றை அவளுடைய உம்மாவே சின்ன வயதில் கண்டதுதான். ஒப்புவித்து முடிந்ததும் பஸ்மினா கேட்டாள்: "எப்ப டீச்சர் போறம்?"

எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வியாம் அது. யுத்த காலத்தில் அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது: "சண்ட முடியட்டும் புள்ள." சண்டை முடிந்துவிட்டது. அன்றைக்கு நான் கேட்ட பதில், "கண்ணிவெடி எடுக்கட்டும் புள்ள." அதற்கடுத்த மாதம் நான் போனபோது பதில், "பாத துறக்கட்டும்" என்று மாறியிருந்தது. பதில் அதிபர் என்றால் சும்மாவா என்று அன்றைக்குப் பகிடி பண்ணினேன். அவரும் சிரித்தார்.

பயிற்சியின் நடுப்பகுதியில்தான் வில்லங்கம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் தூரநோக்கு எழுதவேண்டும். எங்கள் பள்ளிக்கூடச் சுவர்களில் எல்லாம் அந்தச் சொல் உண்டு. அதிபருடைய கதிரைக்கு மேலே பெயின்ரால் எழுதி, ஒருவரும் வாசிக்காமல் கிடக்கும். "ஒழுக்கமும் கல்வியும் மேம்பட்ட சமுதாயம்" என்று நானும் மற்ற எல்லோரையும் போல எழுதிக் கொடுத்தேன். அவருடைய தாளில் மூன்றே சொல்: "எல்லாரும் ஊருக்குப் போதல்."

சேர் அதை உரக்க வாசித்தார். பின்னால் சிலர் சிரித்தார்கள். இது பள்ளிக்கூடத்துக்குரிய தூரநோக்கு இல்லை, பள்ளிக்கூடம் இல்லாமல் போவதற்குரிய நோக்கு என்று சேர் பொறுமையாக விளக்கினார். தூரநோக்கு இல்லாதவர் தலைவர் ஆகமுடியாது என்றும் சொன்னார்.

டீச்சர் எழும்பி நின்றார். "சேர், எங்களுக்குத் தூரநோக்கு மட்டும்தான் இரிக்கு. கிட்ட உள்ளதப் பாக்கத்தான் இன்னும் பழகல்ல."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சேர் தாளைத் திருப்பிக் கொடுத்து, தூரநோக்கு இருக்கட்டும், ஐந்தாண்டுத் திட்டத்தையாவது ஒழுங்காக எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அந்தத் திட்டத்தில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தைப் புத்தளத்துப் பள்ளிக்கூடமாகப் பதிந்தால் நிரந்தரக் கட்டிடம் தரலாம், அவருக்கும் இங்கேயே நிரந்தர நியமனம் கிடைக்கும் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள். இல்லை, சனம் ஊருக்குப் போகிறதென்றால் மிச்சப் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டு இதை மூடிவிடுவார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திறக்க ஆள் வேண்டும், அங்கேயும் நியமனம் உண்டு. இருப்பதா, போவதா என்பதை அவர் தன் கைப்பட எழுதிக் கொடுக்கவேண்டும்.

அன்றிலிருந்து அவர் முகத்தில் ஒரு தெளிவில்லை. மாலுபாணைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுத் தின்னாமல் எழும்புவார். சனம் அதற்குள் இரண்டாகியிருந்தது. ஊருக்குத் திரும்பினால்தான் வீடு கட்ட உதவி என்று ஒரு பக்கம். இங்கே தொழில், கடை, கலியாணம் எல்லாம் ஆகிவிட்டது, அங்கே காடு ஏறிக் கிடக்கிறது என்று மறுபக்கம். ஒரே வீட்டுக்குள்ளே புருசன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம். பஸ்மினாவின் வாப்பாவும் உம்மாவும் அப்படித்தான்.

பெற்றோர் கூட்டத்தன்று நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். பயிற்சி முறைப்படி வாய் திறக்காமல். ஒரு மணித்தியாலம் சத்தம். கடைசியில் பஸ்மினாவின் வாப்பா எழும்பினார். மீன் வாடியில் வேலை செய்கிற, அதிகம் கதைக்காத மனிதர். அவர் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், நீங்க என்ன செய்யப் போறீங்க? நீங்க போனா நாங்களும் போறம். நீங்க நிண்டா நிக்கிறம்."

வழி காட்டுகிறவர்தான் தலைவர் என்று சேர் பெட்டி பெட்டியாகக் கீறிக் காட்டியிருந்தார். அந்தப் பெட்டிக்குள் ஒரு மனுசி அகப்பட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

சனம் போன பிறகு நான் விதியை மீறி வாயைத் திறந்தேன். இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகாதீர்கள் என்றேன். மகளை இங்கே கரைத்தீவில் கட்டிக்கொடுத்தாயிற்று, பிள்ளை வயிற்றோடு இருக்கிறாள். எனக்கு ஊர் இதுதான் உம்மா, நான் வரமாட்டேன் என்று அவள் ஏற்கனவே சொல்லிவிட்டாள். கணவர் எப்போதோ வெளிநாடு போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். உம்மா அடங்கியிருப்பது இந்த மண்ணில். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

அவர் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒருத்தரும் இல்ல. எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா நான் நிண்டா, இருவது வருஷமா இந்தப் புள்ளையளுக்கு நான் சொன்னதெல்லாம் பொய் எண்டு போகும். ஒரு புள்ளைக்கிட்டயாவது நான் பொய் சொல்லல்ல எண்டு காட்டோணுமா இல்லயா?"

வாய் நீளம் என்று பெயரெடுத்தவள், அழுதுகொண்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை அவர் போவதாகச் சொன்னார். திட்டத்தையும் எழுதினார். ஐந்து வருடத்துக்கும் பெட்டி கீறி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வேலைகளை எழுதியிருந்தார். கூரை, கிணறு துப்புரவாக்கல், வாங்கு, நூலகம். பயிற்சியிலேயே ஆகச்சிறந்த திட்டம் அதுதான் என்று சேர் சொன்னார். சேருக்கும் கண் கலங்கியிருந்தது என்பதை நான் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அவர் இல்லை. மன்னாரில்தான் மவுத்தானார். செய்தி எனக்கு மூன்றாம் ஆள் மூலம் பிந்தித்தான் வந்தது. மகள் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதாம். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மவுத்துச் செய்தி அல்ல, ஊர்ப் பள்ளிக்கூடம் திறந்த நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அன்றைக்கு என்னையும் அழைத்திருந்தார். வில்பத்துக் காட்டுக்கூடாகப் போகும் செம்மண் பாதையில் வேனில் குலுங்கிக் குலுங்கிப் போனோம். சேரும் கூட வந்தார். ஊர் என்று இறங்கிய இடத்தில் ஊரைக் காணவில்லை. சுவர்களுக்குள் மரம் வளர்ந்திருந்தது. பள்ளிவாசலின் ஒரு பக்கம் மட்டும் நின்றது. அதற்குப் பின்னால் கிணறு இருந்தது, பஸ்மினா சொன்ன அதே இடத்தில், மண் நிரம்பிப்போய். பனைகளில் பாதிக்குத் தலை இல்லை. தகரக் கொட்டகைகளில் சனம் இருந்தது. வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். டீச்சர் வந்தால் வருகிறோம் என்றவர்களிலும் பலர் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பு என்று சொல்லி மீண்டும் புத்தளத்துக்குப் போய்விட்டார்கள். பஸ்மினாவின் வாப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். அவள் உம்மாவும் வந்திருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பள்ளிக்கூடம் ஒரே நீளக் கட்டிடம். அரைவாசிக்குத்தான் தகரம் போட்டிருந்தது. கை கழுவப் பின்பக்கம் போனேன். சுவரோரம் வரிசையாக வெறும் பால்மா டின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பப்பாசிக் கன்று. புத்தளத்து வளவிலிருந்து விதை கொண்டுவந்திருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பின்னால் நின்றார், மெலிந்துபோய்.

"இஞ்சயும் பப்பாசியா டீச்சர்?"

"கைப்பழக்கம்" என்றார். சிரிக்க முயன்றார்.

கூட்டம் தொடங்கியது. கந்தோரிலிருந்து வந்த பெரியவர் நிரந்தர நியமனக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நடுவதற்குத் தென்னங்கன்று ஒன்று கொண்டுவந்து மேசையடியில் வைத்திருந்தார்கள். பிறகு அவரைக் கதைக்கச் சொன்னார்கள். அவர் நன்றாகத்தான் தொடங்கினார். வந்தவர்களுக்கு சலாம் சொன்னார், சேருக்கு நன்றி சொன்னார், என்னைக் காட்டி, என் கண்ணாடி இவதான் என்றார். இனிச் செய்யவேண்டிய வேலைகளுக்கு வந்தார். மேலே திறந்து கிடந்த பக்கத்தைக் கையால் காட்டினார்.

"இந்தப் பக்கத்துக்கும் தகரம் போட்டு முடிக்கோணும். மழை வரும். எப்பிடியும் நாம ஊருக்குப் போறதுக்கு முந்தி..."

நின்றுவிட்டார். கை மேலேயே நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். பஸ்மினாவின் உம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சேர் தன் கையிலிருந்த தாளை மடித்தார், திரும்பவும் மடித்தார்.

முன்வாங்கில் இருந்த பஸ்மினா மட்டும் எழும்பினாள். வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை என்று அவள் வாப்பா காலையில் சொல்லியிருந்தார். இப்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"எப்ப டீச்சர் போறம்?"

அவர் வாயைத் திறந்தார். எத்தனையோ வருடம் பழகிய பதில் ஒன்றைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சண்டை முடிந்திருந்தது. கண்ணிவெடி எடுத்தாகிவிட்டது. பாதையும் திறந்தாகிவிட்டது.